பேசினவருக்குத்தான் மார்க்

இங்கிலீஷைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த ஒரு மனிதரை, இங்கிலீஷிலேயே நான் ஃபெயிலாக்கியிருக்கிறேன். பத்துக்கு இரண்டு. அதுவும் சாதாரண ஆள் இல்லை. ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்கு இங்கிலீஷ் தேர்வு வைப்பதையே தொழிலாகக் கொண்டவர். கோபித்துக்கொண்டு போனாரா என்றால், அதுதான் இல்லை. எழுந்து நின்று கை கொடுத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் நோட்டும் பேனாவுமாக எனக்கு முன்னால் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

இதை இதுவரை ஒரு நாலாயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் நம்பினார்கள், அல்லது நம்பியதுபோல் தலையாட்டிவிட்டு அவசரமாக பஸ் ஏறினார்கள். நம்பாத ஒரே ஆள் என் மச்சினன். என் மனைவியின் தம்பி. கப்பல் எஞ்சின்களுக்கு உதிரிபாகம் அனுப்பும் கிடங்கு ஒன்றில் அளவு பார்க்கும் வேலை அவனுக்கு. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, காலிப்பர் என்ற அளவுக் கருவி இருக்கும். அவன் அக்கா சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தால்கூட, விட்டத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்வான். அப்படிப்பட்டவனிடம் என் பேச்சு எடுபடுமா?

நான் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் இங்கிலீஷ் வாத்தியார். என் கையில் சிவப்பு மைப் பேனாவைப் பார்த்தால் பையன்கள் மட்டுமல்ல, தலைமை ஆசிரியரும் தன் விடுப்பு விண்ணப்பத்தை ஒளித்துக்கொள்வார். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டில் எனக்கு ஒரே ஒரு பொறுப்பு கொடுக்கப்பட்டது: நடக்கிற வழியில் நிற்காமல் இருப்பது. அதிலும் நான் அவ்வளவாகத் தேறவில்லை. அந்தச் சமயத்தில்தான் மச்சினனின் கிடங்கிலிருந்து ஆள் அனுப்பினார்கள். தொலைபேசி எடுக்கிறவர்களுக்கு எட்டு வாரம் இங்கிலீஷ் வகுப்பு நடத்த வேண்டுமாம். என் மனைவி என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆனால் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அங்க யாரு இருக்காங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"யாரு, உன் தம்பிதானே?"

"அவன் கிடக்கான். நம்ம சம்பந்தியம்மா இருக்காங்க. பொண்ணு வாழற வீடு. பாத்து மார்க் போடுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பெண்ணைக் கட்டியவர் அந்த அம்மாவின் ஒரே மகன். கிடங்கின் இரண்டாவது மாடியில், முதல் தொலைபேசி அவருடையது. இருபத்து நாலு வருஷமாக அதே நாற்காலி. எந்தக் கடலில் எந்தக் கப்பலில் எஞ்சின் முரண்டு பிடித்தாலும், அந்தக் கப்பலின் எஞ்சினியர் முதலில் கடவுளைக் கூப்பிடுவார், அப்புறம் எங்கள் சம்பந்தியம்மாவைக் கூப்பிடுவார். சில பேர் இந்த வரிசையை மாற்றிச் செய்வதாகவும் கேள்வி.

அவர் வேலை செய்கிற விதமே தனி. மேஜைக்கு இடது பக்கம் நாற்பது சின்ன இழுப்பறைகள். வாஷர், வால்வு, ஸ்பிரிங், ரப்பர் வளையம் என்று ஒவ்வொன்றிலும் மாதிரிகள். தொலைபேசியில் ஆள் பேசப் பேச, இவர் கை ஒரு சாமானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். "பெரிய பக்கம் உள்ளயா வெளியயா? சுத்துமா, சும்மா இருக்குமா? ஓரம் வழவழன்னு இருக்கா, பல்லு பல்லா இருக்கா?" என்று தன் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே போவார். எதிர்ப்பக்கத்து ஆள் எந்தத் தேசத்து இங்கிலீஷ் பேசினாலும் சரி, கடைசியில் கையில் இருக்கிற சாமான்தான் அவர் கேட்ட சாமான். தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்கிற பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது.

இப்படிப்பட்டவர் தலைமை அலுவலகத்தின் இங்கிலீஷ் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருந்தார். முப்பத்தெட்டு, அப்புறம் நாற்பத்தொன்று. தேற அறுபது வேண்டும். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் அந்த நாற்காலி போய்விடும். கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. தேறினால் அந்த அறைக்கே அவர் மேற்பார்வையாளர். நடுவில் ஒன்றும் கிடையாது.

தேர்வு என்பது ஒரு ஒலிப்பதிவு. ஒரே ஒரு குரல். எண்ணெய் போட்ட பேரிங் மாதிரி எங்கேயும் உரசாமல் ஓடுகிற இங்கிலீஷ். ஒரு குடும்பம் விடுமுறைக்குக் காரில் போகிறது, மழை பிடித்துக்கொள்கிறது, குதிரைக்காரர் ஒருவர் உதவிக்கு வருகிறார், நடுவில் மாமனார் தன் குடையை எங்கேயோ மறந்துவிடுகிறார். ஒரே தடவைதான் போடுவார்கள். பிறகு கேள்வி.

முதல் நாள் வகுப்பில் பதினோரு பேர். மச்சினனும் அதில் ஒருவன். அவனும், சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவரும் அவ்வப்போது தொலைபேசி எடுக்கிறவர்கள்தான். நான் என் கம்பீரத்தையெல்லாம் திரட்டி, பயிற்சிக்கென்று தலைமை அலுவலகமே அனுப்பியிருந்த அந்த ஒலிப்பதிவைப் போட்டேன். முடிந்ததும், வயதுக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, முதல் கேள்வியைச் சம்பந்தியம்மாவிடமே கேட்டுத் தொலைத்தேன்.

"குடை என்ன நிறம்?"

"தெரியல சம்பந்தி. கேக்கலாமா?"

"திரும்பப் போடக் கூடாதுன்னு விதி இருக்குங்க."

"திரும்பப் போடச் சொல்லல. அவரக் கேக்கலாமான்னேன்."

"டேப்பை எப்படிங்க கேக்கறது?"

"அப்ப எனக்குத் தெரியல" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

மற்ற பத்துப் பேருக்கும் தெரியவில்லை. சரக்குக் கணக்கு எழுதும் கரும்பலகையில் ஏற்கெனவே பதினோரு பேரையும் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். சாக்பீஸ் பிடித்த கை, முப்பத்து மூன்று வருஷப் பழக்கத்தில், முதல் பெயருக்கு நேராகச் சைபர் போடப் போனது. முதல் பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அரை நொடியில் என் பெண்ணின் முகம் வந்தது, மாப்பிள்ளையின் முகம் வந்தது, எல்லார் முகத்தையும் தள்ளிக்கொண்டு என் மனைவியின் முகம் வந்தது. கை அந்தரத்தில் நின்றது. பிறகு தானாகக் கீழே இறங்கி, பெயர்ப் பட்டியலின் அடியில் 'டேப்' என்று எழுதி, அதற்கு நேராக ஒரு பெரிய சைபர் போட்டது.

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். கிடங்கு என்பதால் வாஷர் விழுந்தால் என்று வைத்துக்கொள்ளலாம்.

போட்டாயிற்று, இனி ஒரு சித்தாந்தம் சொல்லியாக வேண்டும். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "பதினோரு பேர் காது கொடுத்துக் கேட்டும் புரியலைன்னா, குத்தம் பதினோரு காதுமேலயா, ஒரு வாய்மேலயா? இன்னிலேருந்து இந்த வகுப்புல, புரியலைன்னா பேசினவருக்குத்தான் மார்க் போகும்."

மச்சினன் எழுந்தான். "அத்தான், ஒரு சந்தேகம்."

"கேளு."

"அப்ப முப்பத்து மூணு வருஷமா பள்ளிக்கூடத்துல ஃபெயிலானதெல்லாம் நீங்கதானா?"

கூரை பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள். கீழ்த்தளத்தில் ஏதோ சரிந்துவிட்டதோ என்று காவலாளி மேலே ஓடி வந்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கேள்வி சட்டைக்குள் போன எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே வந்தது.

சம்பந்திக்குப் பயந்து சொன்ன விதிதான். ஆனால் சொன்ன பிறகு அதை விடவும் முடியவில்லை. மறுநாள் சம்பந்தியம்மாதான் அதற்கு ஒரு உருவம் கொடுத்தார். தன் இழுப்பறைகளிலிருந்து அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற இருபது சாமான்களை எடுத்து ஒரு பெரிய தகரத் தட்டில் பரப்பினார். ஒருவர் மனசுக்குள் ஒரு சாமானை நினைத்துக்கொண்டு, அதன் எண்ணைச் சீட்டில் எழுதி மடித்து மச்சினனிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதை இங்கிலீஷில் வர்ணிக்க வேண்டும். கேட்கிற பத்துப் பேரும், என்னையும் சேர்த்துத்தான், தங்களுக்குப் புரிந்த சாமான்மேல் கையை வைப்பார்கள். எத்தனை கை சரியான சாமானில் விழுகிறதோ அத்தனை மார்க், பேசினவருக்கு. மச்சினன்தான் நடுவர். அந்த வேலை அவனுக்குத் தேன் மாதிரி இனித்தது.

முதல் வாரம் நானே பேசிக் காட்டினேன். என் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்று என் வாயால் சொல்லக் கூடாது. ஒரு காலத்தில் என் வாக்கியங்களைக் கேட்டு மேஜை நாற்காலிகள் நிமிர்ந்து உட்காரும். ஒரு சாதாரண ரப்பர் வளையத்தை மூன்று நிமிஷம் வர்ணித்தேன். மூன்று கை விழுந்தது.

"பத்துக்கு மூணு அத்தான்" என்றான் மச்சினன், சுகமாக. "ஒரு கை மட்டும் ஓரத்துல இருக்கு, வேணும்னா அளந்து பாக்கவா?"

"ஒண்ணும் வேணாம். எழுது."

அடுத்ததாகச் சம்பந்தியம்மா பேசினார். அவருடைய இங்கிலீஷைத் திருத்த உட்கார்ந்தால் என் சிவப்பு மை தீர்ந்து, பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டியிருக்கும். சின்னச் சின்ன வாக்கியம். நடுநடுவே நிறுத்தி எல்லார் முகத்தையும் ஒரு பார்வை. யாராவது புருவத்தைச் சுருக்கினால், அதையே வேறு விதமாக. பத்துக் கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஸ்பிரிங்கின்மேல் விழுந்து, அந்த ஸ்பிரிங் நசுங்கியே போனது.

அன்றிலிருந்து நான் வீட்டில் ரகசியமாகப் பயிற்சி ஆரம்பித்தேன். சமையலறையில் இருந்த கரண்டிகளையெல்லாம் தட்டில் பரப்பி, ஒன்றை மனசில் வைத்து, மனைவியிடம் இங்கிலீஷில் வர்ணிப்பேன். நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"என்ன வேணும்னு தமிழ்ல சொல்லிட்டா எடுத்துக் குடுத்துருவேனே, எதுக்கு இந்தப் பாடு?"

"இது பயிற்சி."

"பயிற்சி முடிஞ்சதும் கழுவி வெச்சிடுங்க."

கிடங்குக்கு நேரில் சாமான் வாங்க வருகிற எஞ்சினியர்களையும் நாங்கள் விடவில்லை. மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்து தட்டுக்கு முன்னால் நிறுத்துவோம். ஆறு வாரத்தில் பதினேழு இங்கிலீஷ் பார்த்தேன். எண்ணியது மச்சினன், ஆகவே இந்தக் கணக்கு மட்டும் நிஜம். ஒருவர் பாட்டுப் பாடுகிற மாதிரிப் பேசுவார். அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். ஒருவர் ஒவ்வொரு சொல்லிலும் பின்பாதியை விழுங்கிவிடுவார், அவர் முழுங்கி. ஒருவர் தந்தி அடிக்கிற மாதிரி மூன்றே சொல்லில் முடித்துவிட்டு நம்மை முறைத்துப் பார்ப்பார். இன்னொருவர் பத்துப் பேரின் வீட்டு நலனையும் விசாரித்த பிறகுதான் வால்வுக்கே வருவார். எங்கள் கேள்விக்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று சொல்வார் ஒருவர்; அதற்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும்தான் பொருள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு யாருடைய முதல் ஆமாமையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

முப்பத்து மூன்று வருஷம் நான் ஒரு இங்கிலீஷைக் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அது என்னவோ எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி வைத்த நகை மாதிரி. இங்கே பார்த்தால் ஆளுக்கு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடல் கடலாகச் சுற்றுகிறார்கள். சுற்றட்டுமே. அவரவர் இங்கிலீஷ் அவரவர் உடம்புக்குத் தைத்தது. அடுத்தவருக்கு எட்டுகிற மாதிரிக் கொஞ்சம் குனிந்து கொடுக்கிறாரா என்பதுதான் கேள்வி. குனிந்து கொடுக்காமல் பேசிய ஒரே ஆள் அந்தக் கிடங்கில் நான்தான். ஆறாவது வாரம் எனக்கு எட்டு மார்க் வந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொன்னேன்.

ஆனால் ஒலிப்பதிவு குனியுமா? ஏழாவது வார முடிவில் அதைப் போட்டு ஒத்திகை பார்த்தோம்; விடைகள் கிடங்கு மேலாளரிடம் பூட்டி இருந்ததால், திருத்தியவரும் அவரே. சம்பந்தியம்மாவுக்கு ஐம்பத்திரண்டு.

எல்லாரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் இருந்த தொலைபேசியின் சுருள் கம்பியை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆள் இருந்தா பிடிச்சுக்குவேன் சம்பந்தி. டேப்ல தனியா விழுந்துடறேன்."

"இன்னும் ஒரு வாரம் இருக்குங்க."

"இருக்கு. எட்டு மார்க்கும் இருக்கு." கொஞ்சம் சிரித்தார். "பெட்டிக்கு டேப் ஒட்டறதும் வேலைதான். ஆனா பெட்டி திரும்பப் பேசாது பாருங்க."

அன்று வீட்டுக்கு வந்து நான் கரண்டிகளைத் தொடவே இல்லை. மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, வைத்தியரைக் கூப்பிடவா என்று கேட்டாள்.

எட்டாவது வாரம் திங்கட்கிழமை மச்சினன் கடைவாய்ப் பல் வலியில் முகம் வீங்கிப் படுத்துவிட்டான். வெள்ளி வரை விடுப்பு. செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளிக்கிழமை தேர்வு நடத்த வேண்டிய அதிகாரி மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நெட்டையான, கலகலப்பான மனிதர். வகுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று கிடங்கு மேலாளரோடு உள்ளே வந்து, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, ஏதோ ஒரு வேடிக்கையும் சொல்லி, அவரே சிரித்தார்.

சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"சம்பந்தி, டேப் வந்திருக்கு."

ஆமாம், அதே குரல். அந்த ஒலிப்பதிவில் குதிரையையும் குடையையும் பற்றிப் பேசியவர் இவரேதான். எட்டு வாரம் பெட்டிக்குள்ளிருந்து எங்களை ஆட்டி வைத்த குரல், கோட்டு போட்டுக்கொண்டு கால் முளைத்து வந்து நிற்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் படிந்துபோயிருந்தது. யார் உள்ளே வந்தாலும், காவலாளியோ காப்டனோ, தட்டுக்கு முன்னால் ஒரு தடவை பேசாமல் போக முடியாது. வாய் தவறித்தான் அவரையும் அழைத்துவிட்டேன். மேலாளர் கண்ணால் என்னைத் தடுத்தார். வந்தவரோ மகா உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு, சீட்டில் எண் எழுதி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். மச்சினன் இல்லாததால் கேட்பதற்குச் சரியாகப் பத்துப் பேர்.

பேசினார் பாருங்கள். மடை திறந்த வெள்ளம். அவருடைய ஊரில் அந்த வளையத்துக்கு என்ன செல்லப்பெயர், அவருடைய தகப்பனார் சைக்கிளில் அதுபோல் ஒன்று எப்படிக் கழன்று ஓடியது, நடுவில் இரண்டு நகைச்சுவை, ஒரு விளையாட்டுப் போட்டியின் சேதி. எனக்கே பாதிதான் பிடிபட்டது. கைகள் தட்டின்மேல் வழி தெரியாத ஆடுகள் மாதிரி அலைந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தன. சம்பந்தியம்மா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

சீட்டை யாருக்கும் காட்டாமல் பிரித்துப் பார்த்தேன். எண் பதினான்கு. அதன்மேல் இரண்டு கை.

யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். பழக்கம் எழுதிவிட்டது. கரும்பலகையில், பத்துக்கு இரண்டு. திரும்பிப் பார்த்தால் மேலாளர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்கிறார். அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு, இது யாருக்கான மார்க் என்று கேட்டார். உங்களுக்குத்தான், எங்கள் விதி அப்படி என்று விளக்கினேன். அவர் காது சிவந்தது.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கையை எதிலும் வைக்காத அம்மாவைப் பார்த்து, உங்களுக்குத் தெரியவில்லையா என்றார். இனி அவர்கள் இருவரும் இங்கிலீஷில் பேசியதை நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"தெரியாம வைக்க மாட்டேன். கேக்கணும்."

"கேளுங்க."

"உள்ள உக்காருமா, வெளிய மாட்டுமா?"

அவர் ஒரு கதையை ஆரம்பித்தார். சம்பந்தியம்மா உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். கப்பல் எஞ்சினியர்களை நிறுத்துகிற அதே கை.

"கதை அப்புறம். உள்ளயா, வெளியயா?"

"உள்ள."

"சுத்துமா?"

"சுத்தாது."

"ஓரம்?"

"ஒரு பக்கம் மட்டும் சரிவா இருக்கும்."

மூன்றே கேள்வி, மூன்றே பதில். சம்பந்தியம்மாவின் கை இறங்கியது. பின்னாலேயே மற்ற ஒன்பது கையும். எல்லாம் பதினான்கின்மேல். அதிகாரி அந்தக் கைக் குவியலை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்தார். பிறகுதான் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். அது மரியாதைக்கா, பிடித்துக்கொள்ள ஒரு பிடிமானம் தேவைப்பட்டதாலா என்று எனக்கு இன்னும் தெரியாது. புதன்கிழமை நோட்டோடு வந்தார், ஆறு வாங்கினார். வியாழக்கிழமை ஒன்பது. ஒன்பது வாங்கியதும் குழந்தை மாதிரி மேலாளர் அறைக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இத்தனை நடந்தும், வெள்ளிக்கிழமை காலை மேஜைமேல் அந்த ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார். விதி விதிதானே. மூன்றாவது தடவை எழுதுகிறவர்கள் மூன்று பேர். முதலில் சம்பந்தியம்மா. தண்ணீர் ஜாடியோடு கதவோரம் நிற்க எனக்கு அனுமதி. அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றதில் ஜாடி சாய்ந்து, பாதித் தண்ணீர் என் செருப்புக்குள் போயிற்று.

அதிகாரி பொத்தானை அழுத்தப் போனபோது சம்பந்தியம்மா கையைத் தூக்கினார்.

"ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் விதிப்படி ஃபெயில் போட்டுக்குங்க."

"சொல்லுங்க."

"செவ்வாக்கிழமை நீங்க பேசினது எங்களுக்குப் புரியல. நான் கேட்டேன், நீங்க மாத்திச் சொன்னீங்க, பத்துக் கையும் விழுந்துச்சு. அன்னிக்கு என்னைக் கேக்க விடலைன்னா நீங்க ஃபெயில். இன்னிக்குக் கேக்க விடலைன்னா நான் ஃபெயில். யாரு ஃபெயிலானாலும் கப்பலுக்குத் தப்பான சாமான்தான் போகும். நடுக்கடல்ல நிக்கிறவன் நம்ம ரெண்டு பேரையும்தான் திட்டுவான்."

அவர் விரல் பொத்தான்மேலேயே இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பிறகு பெட்டியைத் திறந்து விதித்தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். அனுமதிக்கப்பட்ட குரலில் பாடம் ஒலிக்க வேண்டும் என்று மட்டும்தான் அதில் இருந்தது. அனுமதிக்கப்பட்ட குரல் அவருடையது. கருவியைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்கிறவர் திருப்பிக் கேட்கக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவே இல்லை. கருவியிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கினார். நாற்காலியை இழுத்துச் சம்பந்தியம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, அதே பாடத்தை வாயால் சொல்ல ஆரம்பித்தார். சம்பந்தியம்மா பதினொரு இடத்தில் நிறுத்தினார். குடை மாமனாருடையதா மருமகனுடையதா, கார் நின்றது மழைக்கு முன்னாலா பின்னாலா, குதிரைக்காரர் வந்தது வலப்பக்கமிருந்தா இடப்பக்கமிருந்தா. அந்தக் குடும்பத்தைப் பற்றி அவர்களுக்கே தெரியாத சேதிகளெல்லாம் வெளியே வந்தன. பிறகு கேள்வித்தாளைக் கொடுத்தார். அதில் ஒரு சலுகையும் கிடையாது. அதே இருபத்தைந்து கேள்வி, அதே நேரம்.

எண்பத்தெட்டு.

குடை பச்சை என்பதை அன்றைக்குத்தான் நானும் தெரிந்துகொண்டேன். மற்ற இருவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து தேறினார்கள். சம்பந்தியம்மா தாளை மடித்து முதல் இழுப்பறையில் வைத்துவிட்டு, அதற்குள் மணி அடித்த தொலைபேசியை எடுத்து, "பெரிய பக்கமா, சின்னப் பக்கமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். என் மனைவி அன்று மாலை என்னை நடு வழியில் நிற்க அனுமதித்தாள்.

திங்கட்கிழமை மச்சினன் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தான். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு சொல் கூட்டாமல் சொன்ன முதல் கதை அதுதான்.

"சம்பந்தியம்மா பாஸானதை நம்பறேன் அத்தான். தாள் இருக்கு. அவர் ஃபெயிலானதை நம்ப மாட்டேன்."

"பத்துப் பேர் பாத்தாங்கடா."

"பத்துப் பேரும் உங்ககிட்ட எட்டு வாரம் படிச்சவங்க. பலகை எங்க?"

"தொடச்சிட்டாங்க."

"சீட்டு?"

"எங்கேயோ போச்சு."

"நடுவர் யாரு?"

"நீதான் பல்லைப் பிடிச்சிட்டுப் படுத்துட்டியே."

"நடுவர் இல்லாத ஆட்டம் செல்லாது" என்று காலிப்பரை மூடிப் பைக்குள் போட்டான். அதன் பிறகு வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "அத்தான் இப்ப பத்துக்கு ரெண்டு கதையைச் சொல்லுவாரு, எல்லாரும் வசதியா உக்காந்துக்குங்க" என்பான். என் மனைவியே அவன் பக்கம் சாய ஆரம்பித்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு கட்டத்தில் எனக்கே, அது ஒருவேளை மூன்றாக இருந்திருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு நாள் பகலில் தொலைபேசி அறைக்குப் போயிருந்தேன். வகுப்பு முடிந்துவிட்டாலும், அங்கே வழியில் நின்றால் யாரும் திட்டுவதில்லை. மேற்பார்வையாளர் நாற்காலியில் சம்பந்தியம்மா, இரண்டு காதிலும் இரண்டு கப்பலாக இருந்தார். மூன்றாவது தொலைபேசி அடித்தது. மச்சினன் எடுத்தான்.

கேட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்து, தொலைபேசியின் வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னான்.

"தேர்வு அதிகாரி அத்தான். தலைமை அலுவலகத்துலேருந்து."

"என்னவாம்?"

"தேர்வை மாத்தறாங்களாம். எல்லாக் கிளையிலயும் ஆளை எதிர்ல உக்கார வெச்சுத்தான் இனிமே. திருப்பிக் கேக்கலாம், கேக்கறதுக்கும் மார்க் உண்டு. அதை எப்படி நடத்தறதுன்னு கத்துக் குடுக்கச் சம்பந்தியம்மாவை ஒரு மாசம் அனுப்ப முடியுமான்னு கேக்கறாரு." என் பக்கம் குனிந்தான். "அத்தான், அவர் சொல்றது எனக்கு ஒண்ணுவிடாமப் புரியுது. அந்த டேப்ல இந்த ஆள் பேசினது எனக்குப் பாதிகூடப் புரியல."

"நல்லது. பதில் சொல்லு."

பதில் சொன்னான். சம்பந்தியம்மா ஒரு காதிலிருந்து ஒரு கப்பலை இறக்கி வைத்துவிட்டுச் சரி என்று தலையாட்டியதையும் சொன்னான். அத்தோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அளந்து பார்க்காமல் அவனால் ஒன்றை விட முடியாது. அறைக்கே கேட்கட்டும் என்று ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்டான்.

"ஐயா, என் அக்கா வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரு. உங்களுக்குப் பத்துக்கு ரெண்டு போட்டதா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. நிஜமா?"

"இல்லை. அது நிஜம் இல்லை" என்றது அந்தக் குரல், நிதானமாக.

நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். மச்சினனின் முகம் விரிந்தது. பல் பிடுங்கிய இடம்கூடத் தெரிந்தது.

"பத்துக்கு ஒண்ணுதான்" என்றது குரல். "மேஜை மூலையில உக்காந்திருந்தாரே, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவர், அவர் நான் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே அந்த வளையத்து மேல கையை வெச்சுட்டுத் தூங்கிட்டாரு. நான் பக்கத்துல நின்னேன், குறட்டை கேட்டுச்சு. அன்னிக்குச் சொல்லியிருக்கணும். ரெண்டுன்னு இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதை மட்டும் திருத்திடுங்க."

அறை முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மேஜைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

மச்சினன் தொலைபேசியை வைத்தான். பிறகு எழுந்து, கரும்பலகை ஓரத்தில் கிடந்த சாக்பீஸை எடுத்து, வெறும் பலகையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக 'பத்துக்கு ஒன்று' என்று எழுதி, அடியில் நடுவர் என்று போட்டுத் தன் கையெழுத்தையும் இட்டான்.

"நடந்திருக்கு அத்தான்" என்றான். "ஆனா கதையை நீங்க குறைச்சுத்தான் சொல்லியிருக்கீங்க."